தலையணை ஸ்பொஞ்ச்

இண்டைக்கு மோட்டார் சைக்கிள் புகைச் சோதனையில தோத்துப்போனன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் தோத்த முதல் சோதனை. வரிசையில பின்னால நிண்ட ஒரு பொம்பிளை முந்தானையால மூக்கைப் பொத்தினவ.

நேரே கிண்ணியா நானா எண்டு நாங்கள் கூப்பிடுற மெக்கானிக்கின்ர கராஜுக்குப் போனன். அவர் எயார் பில்டர் பெட்டியைத் திறந்தார். பில்டர் இல்லை. எண்ணெய் குடிச்சுக் கறுத்த ஸ்பொஞ்ச் துண்டொண்டு இருந்தது.

“அண்ணே, இது தலையணை ஸ்பொஞ்ச்! காத்துப் போகாமத்தான் இப்பிடிப் புகையாக் கக்குது. எந்த விசரன் வச்சது?”

“நான்தான்.”

“உங்களுக்கு லைசன் தந்தவனைச் சொல்லோணும்!”

ரெண்டு பேரும் சிரிச்சம். புது பில்டர் போட்டார்.

பழசை அவர் எறியப் போனார்.

“தாங்கோ நானா, சட்டி கழுவ உதவும்.”

வாங்கிச் சட்டைப் பையில வச்சன். திரும்பச் சோதனைக்குப் போனன், பாஸ். ஆனா சட்டை பாழ். மனுசியிட்ட என்ன சொல்லித் தப்பலாம் எண்டு தெரிஞ்சவை கீழ கொமெண்டில எழுதுங்கோ.

ஸ்பொஞ்சை வெட்டி வச்சது என்ர மகன். புகைக்குதெண்டு மோட்டார் சைக்கிளை வீட்டில விட்டிட்டு பஸ்ஸில வேலைக்குப் போனவன். வழியில சோதனைச் சாவடியில ஆமிக்காரர் அவனை இறக்கினவையாம். ஆறு மாசமா வரேல்லை. வந்தா ஓடட்டும் எண்டுதான் திருத்தினனான்.

அதை மட்டும் நானாவிட்டச் சொல்லேல்லை.