அம்மாவின் மாத்திரைக்கு நாங்கள் வைத்த பத்தியம்

கண்ணுகளா, போன வாரம் ஆஸ்பத்திரியில் எனக்கு மாத்திரை எழுதிய டாக்டரிடம் ஒரே கேள்வியை நான் மூன்று தடவை கேட்டேன் என்று, மலையேறும் பஸ்ஸில் கடைசி வளைவு வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. "எங்கப்பாவுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சிருப்பாங்க" என்று பெரியவள் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. காது நன்றாகவே கேட்கிறது. "இந்த மாத்திரை சாப்பிடறப்ப எதைச் சாப்பிடோணும், எதைத் தள்ளோணும்?" என்பதுதான் என் கேள்வி. முதல் தடவையே அவர் சொன்னது புரிந்துவிட்டது. இரண்டாம் தடவை சரிபார்த்துக்கொள்ளக் கேட்டேன். மூன்றாம் தடவை ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போகாதீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அம்மாவுக்கு விரல் கணுக்களும் மணிக்கட்டும் கால் முட்டியும் வீங்கிப் போயின. காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாது. தலை பின்ன முடியாது. டம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். எண்ணெய், பற்று, ஒத்தடம் எல்லாம் பார்த்த பிறகு அப்பா கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா, இது மூட்டுக்குள் வரும் அழற்சி என்று சொல்லி இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார். ஒன்று பொடிசாக இருக்கும். அதுதான் ஸ்டீராய்டு. இன்னொன்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி பெரிதாக, வெள்ளையாக இருக்கும். கூடவே ஒரு தாளில் ஏதேதோ எழுதியும் கொடுத்தார்.

அதில் உள்ளதை டாக்டரம்மா விளக்கிச் சொல்லும்போது அப்பா டீ குடிக்க வெளியே போயிருந்தார். கேட்டவள் அம்மா மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "இந்தச் சின்ன மாத்திரை வீக்கத்த அடக்குமாம். ஆனா எலும்ப மெலிய வெச்சுருமாம். அதனால பாலு, தயிரு, ராகி, கீரை எல்லாம் நல்லாச் சாப்பிடச் சொன்னாங்க. காலை வெயில்ல நடக்கச் சொன்னாங்க. வெள்ள மாத்திரைய விடவே கூடாதுன்னாங்க."

இதை அவள் சொன்னது என் அத்தையிடம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு மேல்புறம் அவர் வீடு. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் அவர் உத்தரவு இல்லாமல் ஒரு கஷாயம் கொதிக்காது. ஒரு தடவை மஞ்சள் காமாலைக்கு வேர் மருந்து தின்று, நாற்பது நாள் உப்பில்லாத சோறு சாப்பிட்டுப் பிழைத்தவர். அதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். பத்தியம் இல்லாத மருந்து மருந்தே இல்லை.

இதில் அத்தையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மலையில் எல்லோருக்கும் அந்த எண்ணம்தான். மருந்து எவ்வளவு வீரியமோ அவ்வளவு கடுமையாகப் பத்தியம் இருக்க வேண்டும். பாலும் தயிரும் ஆகாது. கருவாடு தொடக் கூடாது. கீரை மருந்தை முறித்துவிடும். ராகி குளிர்ச்சி. உடம்பு மேல் வெயில் படக் கூடாது. இது வேருக்கும் இலைக்கும். அப்படியானால் காசு கொடுத்து எழுபது வளைவு இறங்கிப் போய் வாங்கி வந்த மாத்திரைக்கு?

"பாலு குடிக்கச் சொன்னாங்களா?" என்று அத்தை சிரித்தார். "சொல்லுவாங்க. அவங்க கீழ்நாட்டு ஒடம்பப் பாத்தவங்க. மலை ஒடம்பப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

"எழுதியே குடுத்திருக்காங்களே" என்றாள் அம்மா.

அப்பா அந்தத் தாளை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "பத்திரமா வெக்கலாம்" என்று சொல்லி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். என் அப்பாவிடம் இது ஒரு பெரிய குணம். யார் எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டார். டாக்டர் சொன்னதுக்கும் தலையாட்டுவார், அக்கா சொன்னதுக்கும் தலையாட்டுவார். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தால் அது அவர் பிரச்சினை இல்லை.

அம்மாவை உள் அறையில் உட்கார வைத்தார்கள். சாமைச் சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு. மூன்று வேளையும் அதேதான். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். அம்மாவுக்கு அப்போது அகோரப் பசி. கேட்டால் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றுவார்கள்.

வெள்ளை மாத்திரைக்கும் சீக்கிரமே முடிவு வந்தது. சின்ன மாத்திரை தின்ற பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது, கை மடங்கியது, அம்மா தானே தலை பின்னினாள். வெள்ளை மாத்திரை என்ன செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றுமே செய்யாத மாத்திரையை எதற்குத் தின்று உடம்பைச் சூடாக்க வேண்டும் என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி என்று அப்பா தலையாட்டினார். அது டப்பாவோடு பரணுக்குப் போனது.

இந்தப் பத்தியம் நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அத்தை என் தோளைப் பிடித்துச் சொன்னார். "சாமி, உங்கம்மா ரொம்ப வாய்ருசிக்காரி. நீதான் பாத்துக்கோணும். பத்தியம் முறிஞ்சா மருந்து வெசமாயிரும். அப்புறம் உங்கம்மா உனக்கில்ல."

ஒன்பது வயதுப் பையனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ஆனால் சொன்னார். நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உள் அறைக்குப் போய் அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பேன். மோர் வாசம் வருகிறதா, கருவாட்டு வாசம் வருகிறதா என்று சோதனை. விரல் நகத்தில் ராகி மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அம்மா வாசலுக்கு வந்து வெயிலில் நின்றால் கையைப் பிடித்து உள்ளே இழுப்பேன்.

"அடிவாரத்துச் செக்போஸ்ட்டுல லாரியக்கூட இப்படித் தொறந்து பாக்க மாட்டாங்கடா" என்பாள் அம்மா. பாதி சிரிப்பும் பாதி எரிச்சலுமாகச் சொல்வாள். போகப் போகச் சிரிப்புக் குறைந்துவிட்டது.

ஐப்பசி மழை நாளில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அம்மா நின்று ஒரு செம்பு மோர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். என்ன செய்தேன் தெரியுமா? செம்பைத் தட்டிவிட்டேன். மோர் சேற்றில் கொட்டியது. கொட்டியதும் எனக்கே பயமாகிப் போய், அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதேன்.

"அழுவாத. இனிமே குடிக்க மாட்டேன். போதுமா?" என்றாள் அம்மா. அதன் பிறகு அவள் குடிக்கவே இல்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று நினைக்கிறீர்கள். அன்று சாயங்காலமே அத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லி, ஒரு வாழைப்பழம் பரிசு வாங்கித் தின்றேன்.

வலி இல்லாததால் அம்மாவை எல்லோரும் தேறிவிட்டாள் என்றார்கள். முகம்கூட உருண்டையாக, உப்பலாக இருந்தது. அதையும் தேறியதன் கணக்கில் சேர்த்தார்கள். கார்த்திகையில் ஒரு நாள், குழம்புக்குக் கிழங்கு வேண்டும் என்று அம்மா கொல்லைக்குப் போய் ஒரு மரவள்ளிச் செடியைப் பிடித்து இழுத்தாள். மூட்டு வீங்குவதற்கு முன் தினமும் செய்த வேலை. அவள் கீழேயும் விழவில்லை. செடி பாதி வந்தது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொன்னாள். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நடு முதுகில் தொட்டால் அலறினாள்.

கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஜீப் பிடித்து இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அம்மா அப்பாவின் கையைக் கடிக்காத குறை. அத்தை மடியில் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே சாமைச் சோறும் மிளகு ரசமும். வழியில் பத்தியம் கெட்டுவிடக் கூடாதாம்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அந்த வெள்ளச் சுண்ணாம்பு மாத்திரை தினமும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"பத்தியத்துல ஒரு கொறையும் வெக்கலீங்க" என்று அத்தை முன்னால் வந்தார். "பாலு, தயிரு கண்ணுல காட்டல. கீரை இல்ல, ராகி இல்ல, கருவாடு இல்ல. ஆறு மாசமா மேல வெயில் படாம வெச்சிருக்கறமுங்க. அந்த வெள்ள மாத்திரையக்கூட நிறுத்திட்டமுங்க, சூடுன்னு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான் எழுதிக் குடுத்த தாள் எங்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க, சாமி படத்துக்கிட்ட" என்றார் அப்பா.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சீங்களா? நான் செய்யச் சொன்னத எல்லாம் ஒண்ணு விடாம நிறுத்தி வெச்சிருக்கீங்க. வேணும்னு செஞ்சாக்கூட இவ்வளவு சரியா வராது."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் செய்வது போல் கையைத் தூக்கினேன். "அம்மா ஒரே ஒரு தடவ மோரு குடிச்சுதுங்க. நான்தான் தட்டி விட்டேனுங்க" என்றேன். என்னையும் பாராட்டுவார் என்று நினைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கட்டிலில் கிடந்த அம்மா, "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டரம்மா" என்றாள். அவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

அப்பா மெதுவாக, "அப்ப அந்தச் சின்ன மாத்திரைய நிறுத்திறலாங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்டு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, குறைப்பதானால் தானே பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன் என்றார். பிறகு எலும்புக்கென்று வாரத்துக்கு ஒன்று விழுங்க ஒரு மாத்திரை எழுதினார். "காலையில வெறும் வயித்துல, ஒரு டம்ளர் நெறயப் பச்சத்தண்ணியோட முழுங்கணும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, ஒண்ணும் சாப்பிடக் கூடாது."

அத்தையின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. "பாத்தீங்களா, இதுக்குப் பத்தியம் இருக்குது" என்றார்.

"இருக்குதுங்க. அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம்கூட வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. கடைசியாக எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "இனிமே இவங்க எங்கயும் வழுக்கி விழக் கூடாது. அதையாவது பாத்துக்குங்க" என்றார்.

பத்து நாள் கழித்து, இடுப்பில் பெல்ட்டோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினோம். ஜீப்பில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாளாக என் வயிற்றுக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"உனக்குத்தான் தெரியுமல்லம்மா, மோரு குடிக்கலாம்னு. அப்புறம் ஏன் குடிக்கல?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "நீ அழுதியே சாமி" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அழுததற்கும் அவள் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவே மாட்டார்கள் என்று நினைத்து, மேலே வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கு அப்பா ஆன பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பதில் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. இன்னும் முழுதாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் வெயிலில் நடக்க வேண்டும் என்பது உத்தரவு. வாசலிலிருந்து பாதைக்கு இறங்க மூன்று கல்படி. மழைக்குப் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு முறம் சாம்பல் அள்ளி வந்து கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்தேன். மூன்று படியும் கல் நிறம் தெரிகிற வரைக்கும் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவிய பிறகுதான் ஈரப் படியும் வழுக்கும் என்பது தெரிந்தது. பனி விலகவில்லை, வெயில் இன்னும் வரவில்லை. உள்ளே அம்மா கட்டிலில் அசையும் சத்தம் கேட்டது. நான் என் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றி, மேல்படியிலிருந்து ஆரம்பித்துத் துடைத்துக்கொண்டே இறங்கினேன்.