நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு

கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது தற்காலிக விசாதான். கணவரும் பன்னிரண்டு வயது மகளும் ஊரில், கிருமாம்பாக்கத்தில் இருந்தார்கள். அவர் கரும்பும் நெல்லும் பார்த்துக்கொண்டார். நான் வீடியோவில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். விசா முடிவதற்குள் பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வந்துவிட்டால் மூவரும் சேர்ந்து இருக்கலாம். வராவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு, குடும்பம் முழுவதற்கும் மருத்துவப் பரிசோதனை கேட்டார்கள். லீவில் வந்து மூவருமாகச் சென்னைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தபின் டாக்டர் என்னையும் கணவரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணவருடைய நுரையீரலில் ஒரு தழும்பு தெரிகிறது, முன்பு டிபி இருந்ததா என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு முன்பு இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டீர்கள் அல்லவா, அப்புறம் என்ன பயம் என்று நர்ஸ் தைரியத்தில் சொல்லி, அதோடு மறந்தும் போயிருந்தேன்.

பழைய தழும்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சளியில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், முடிவு வரப் பல வாரங்களாகும் என்றார் டாக்டர். கிருமி வளர்ந்தால் மறுபடி சிகிச்சை, மறுபடி பரிசோதனை. என் விசா அதுவரை தாங்காது.

திரும்பும் பஸ்ஸில் மனதுக்குள் மாதங்களைக் கூட்டிக் கழித்தபடியே வந்தேன். மரக்காணம் தாண்டியபோது கணவர் கேட்டார்.

"பாப்பாவுக்கு ஒட்டியிருக்குமா?"

அவளுடைய எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டார். படுக்கையை மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனார். தேவையில்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவர் லேசாக இருமினாலும் என் கை வேலை நின்றுவிடும். பசிக்கிறதா, இளைத்துவிட்டீர்களா, ராத்திரி வேர்க்கிறதா என்று கேட்டுக்கேட்டு அவருக்கு அலுத்துப்போனது.

ஒருநாள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"என் பேர எடுத்துடு. நீயும் பாப்பாவும் போங்க. நான் இங்கியே கீறேன்."

பேரை எடுத்தாலும் பயனில்லை. கூட வந்தாலும் வராவிட்டாலும் கணவரும் பரிசோதனையில் தேற வேண்டும், அதுதான் சட்டம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன்.

"அப்போ என்னாலதான் எல்லாம் நிக்குது, இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து மடையைத் திறக்கப் போய்விட்டார்.

முடிவு வருமுன் லீவு முடிந்தது. விமான நிலையத்தில் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவர் மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். போய் அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை.

அங்கே போனபின் எந்த வேலையும் ஓடவில்லை. பாட்டிகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கழிவறைக்குள் போய் மெயிலைத் திறந்து பார்ப்பேன். விசா முடிந்தபிறகு உன்னை வேலை அட்டவணையில் போடலாமா என்று மேலாளர் கேட்டபோது சிரித்துச் சமாளித்தேன்.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அவர் போன் செய்தார்; ஊரில் அப்போது சாயங்காலம்.

"மத்தியானமே சென்னையிலேந்து சொல்லிட்டாங்க. நீ தூங்குவியேன்னு வெச்சிருந்தேன். ஒண்ணும் வளரலியாம்."

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். பின்னால் மகளின் குரல் கேட்டது. செருப்பு மாட்டியபடியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் போனை வைக்காமல் இருந்தார்.

விசா முடியும் தறுவாயில் பிஆர் வந்தது. கணவர் நிலத்தைத் தன் தம்பிக்குக் குத்தகைக்கு விட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "அங்க வந்து நான் இன்னா செய்யறது?"

வந்துவிட்டார். கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கும் பண்ணையில் வேலைக்குப் போகிறார். மகளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. அவருக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை.