அம்மா கட்டிய வேட்டித் திரை

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. துக்க நாட்களில் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்த உறவினர்களுக்கும், அம்மாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது, உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு நிகழ்ச்சியை எழுத வேண்டும் என்று மகளாகிய எனக்குத் தோன்றியது.

அம்மா பிறந்தது மேட்டுப்பாளையத்தில். அவருடைய தந்தையார் பாக்கு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். பெண்களில் மூத்தவரான அம்மா, பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்ஸ் பயிற்சிக்காகக் கோவை வந்தார். பிறகு மில்லில் பிட்டராக இருந்த அப்பாவை மணந்தார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியப்பாவுக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. "கண்டவங்க மேலயெல்லாம் கை வெக்கிற வேலை அது. நம்மூட்டுக்கு ஆகாது" என்றாராம். கல்யாணத்துக்கு வந்தவர், அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கு அப்பா மட்டும் ஊருக்குப் போய் வருவார். அம்மா அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பெரியப்பா தோப்பிலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பார்த்துக்கொள்ளப் பெரியம்மா ஒருவர்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்த அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"படுத்தே கெடந்து இடுப்புக்குக் கீழ புண்ணு வந்துருச்சு. அண்ணி திருப்பிப் படுக்க வெக்கப் போனா அண்ணன் கத்தறாரு" என்றார்.

"நாளைக்குக் காலைல டூட்டி முடிச்சுப்போட்டு நானும் வாரேனுங்க" என்றார் அம்மா.

நானும் உடன் போனேன். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி உக்கடம், அங்கிருந்து பொள்ளாச்சி பஸ். பெரியப்பாவின் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது, மூத்திர வாடை. அம்மாவைக் கண்டதும் பெரியப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கணவரின் அண்ணன் மாமனாருக்குச் சமம். அவர் முன்னால் உட்காரக்கூடத் தயங்குவார்கள். அப்படியிருக்க, அவருடைய துணியை மாற்றுவது எப்படி?

அம்மா வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே பெரியம்மா நினைத்தார். அம்மா தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, கொடியில் காய்ந்த வேட்டி ஒன்றை எடுத்து வந்து கட்டிலுக்கு முன்னால் திரையாகக் கட்டினார்.

"மாமா, நான் இந்தப் பக்கமே நிக்கறனுங்க. அக்காதான் உங்களைத் தொடுவாங்க. வேண்டாம்னா இடது கையைத் தூக்குங்க, அதோட நிறுத்திப் போடறோம்" என்றார்.

கை எழவில்லை என்று பெரியம்மா உள்ளிருந்து சொன்னார்.

"முழங்கையை விட்டுப் பாருங்கக்கா, தண்ணி சூடா இல்லையே? துடைக்கிற இடத்தை மட்டும் தெறங்க. மத்ததெல்லாம் போர்வைக்குள்ளயே இருக்கட்டும். என்ன செய்யப் போறீங்கன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்க. ஈரத்தை ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க."

அப்படித்தான் பெரியம்மா கற்றுக்கொண்டார். பெரியப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, நிமிர்த்தி உட்கார வைத்து இடது பக்க வாயில் சிறுகச் சிறுகக் கஞ்சி கொடுப்பது எல்லாமே திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அம்மா சொல்லச் சொல்ல நடந்தன. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அம்மா ஊருக்குப் போனார்.

ஆனால் புண் மட்டும் ஆறவில்லை. நாங்கள் மூவரும் போயிருந்த ஒருநாள் டாக்டர் வந்து பார்த்து, கெட்டுப்போன சதையை நீக்கினார். தினமும் சுத்தமாகக் கட்டுப் போடாவிட்டால் சீழ் உள்ளே ஏறி உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மாவுக்குப் புண்ணைப் பார்த்ததுமே தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"மாமா, அக்காவால முடியலீங்க. நான் உள்ள வரலாமுங்களா?" என்று அம்மா கேட்டார்.

திரைக்குள் இடது கை எழுவது தெரிந்தது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "உசுரு போற நேரத்துல என்ன கேள்வி? நீ பாட்டுக்குப் போய்க் கட்டு!"

"அவரு உடம்புங்க. புத்தி தெளிவா இருக்கறவரு வேண்டாங்கறாரு. நான் எப்படிங்க தொடறது?"

அன்று பெரியம்மாவே அழுதுகொண்டு எப்படியோ கட்டுப் போட்டார். திரும்பும் வழியெல்லாம் அப்பா அம்மாவோடு பேசவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாகவே போனார். திரைக்கு முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டார். உள்ளிருந்து குழறலாக, மகளைக் கூப்பிடுவதுபோல் ஒரு குரல் வந்ததாம்: "வா... அம்மணி."

அதன்பின் லீவை நீட்டிக்கொண்டு கிணத்துக்கடவிலேயே தங்கினார் அம்மா. தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். வலது கை விறைத்துப்போகாமலிருக்க விரல் விரலாக மடக்கி நீட்டப் பழக்கினார். புண் சுருங்கிப் புதுத்தோல் ஏறியது. தை பிறந்தபோது பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். சில மாதங்களில் தடியூன்றி நடந்தார்.

பின்னாளில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. வீட்டிலேயே இருக்க விரும்பினார். பெரியம்மா தம் வீட்டைப் பூட்டிவிட்டு, பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு எங்களோடு வந்து இருந்தார். அம்மாவைக் குளிப்பாட்டியதும் பக்கம் மாற்றியதும் அவர்தான். கடைசிவரை அம்மாவின் உடம்பில் ஒரு புண்கூட வரவில்லை.

பெரியம்மாவுக்கும், டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காக்களுக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், தெருவில் பந்தல் போட இடம்விட்டு எங்களுக்குச் சமைத்தும் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்த மலரின் அட்டைக்கு அம்மா பட்டுச் சேலையில் இருக்கும் படத்தைத்தான் அப்பா எடுத்து வைத்திருந்தார். பெரியப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "வெள்ளச் சேலையும் தொப்பியுமா ஒண்ணு இருக்குமே, அதப் போடுங்க. நம்மூட்டு நர்சம்மாவ எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

அந்தப் படம்தான் உங்கள் கையில் இருக்கிறது.