உள்ளே மடிந்த முனை

அவருக்குக் கம்பிமூக்கர் என்று பேர் வைத்தது அவருடைய தங்கை புருஷன். இரண்டு பேரும் ஒரே தேசியப் பூங்காவில் காவலர்கள். ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக நடக்கிறவர்கள். மிருகத்தைப் பிடிக்கப் புதருக்குள் யாராவது சுருக்குக் கம்பி கட்டியிருந்தால் போதும், முன்னால் போகிற இவர் சட்டென்று நின்றுவிடுவார். "என்ன மச்சான், மோப்பம் பிடிச்சாச்சா?" என்று பின்னாலிருந்து கேலி வரும். மூக்காவது மண்ணாவது, எல்லாம் கண்தான். ஆனால் பட்டப்பேருக்கு யார் காரணகாரியம் பார்க்கிறார்கள்? ஆபீசில் ரேஞ்சர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

கம்பியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதை யார் கட்டியது என்று சொல்வதில்தான் அவருடைய பெருமை இருந்தது. கம்பியை மரத்தில் சுற்றி முறுக்கும்போது ஒவ்வொருத்தன் கையும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். ஒருத்தன் ஜென்மப் பகை மாதிரி இறுக்குவான். இன்னொருத்தன் கடனே என்று சுற்றிவிட்டுப் போவான். எல்லைக்கு வெளியே இருக்கிற காலனியில் எந்த வீட்டு வேலியைப் பார்த்தாலும் அந்த முறுக்கு இவர் மனசில் உட்கார்ந்துவிடும். கல்லுடைக்கிறவர் ஒருவர் அப்படித்தான் மாட்டினார். "இது அவன் கைதாங்க" என்று இவர் யோசிக்காமல் சொன்னார், மனுஷன் ஜெயிலுக்குப் போனார். அவர் உள்ளே இருந்த சமயத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெண்டாட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாள். திரும்பி வந்த பிறகு டீக்கடையில் இவரைப் பார்க்கும்போதெல்லாம் கல்லுடைக்கிறவர் எழுந்து நின்று கும்பிடுவார். "உங்க மூக்கு நல்லா இருக்கணும் சாமி." அந்தக் கும்பிடுக்குச் செருப்படியே தேவலாம். இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அந்தப் பூங்காவின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அது பெரிய மனிதர்கள் வேட்டையாடிய காடு. இவருடைய தாத்தா தகரத்தைத் தட்டி மிருகங்களைத் துப்பாக்கிக்கு முன்னால் விரட்டிக் கொடுத்து வயிறு வளர்த்தார். சுட்டுச் சுட்டுக் காடு காலியான பிறகுதான் பெரிய மனிதர்களுக்குப் புத்தி வந்தது. எங்கேயோ ஒரு மேஜைமேல் வரைபடத்தை விரித்துக் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் இருந்ததெல்லாம் தேசியப் பூங்கா. சரி, கோட்டுக்குள் குடியிருந்தவர்கள்? சுட்டது ஒருத்தன், வீட்டைக் காலி பண்ணியது இன்னொருத்தன். ரொம்ப நல்ல நியாயம்! இவருடைய அப்பாவைக் குடும்பத்தோடு வெளியே கொண்டுவந்து தகரக் கூரை போட்ட காலனி வீட்டில் வைத்தார்கள். பிறகு எல்லையில் வேலி போடும் வேலையையும் அவருக்கே கொடுத்தார்கள். தன்னை வெளியே நிறுத்தித் தானே வேலி கட்டினார் அந்த மனுஷன்.

அவருக்குக் கம்பி பிடித்துக் கொடுத்தது அவருடைய மூன்று பிள்ளைகள். மூத்தவர் இவர், நடுவில் தங்கை, கடைசியில் தம்பி. அப்பாவுக்கென்று ஒரு முறுக்கு இருந்தது. இரண்டு சுற்று முன்னால், ஒரு சுற்று பின்னால், கடைசியில் கூரான முனையைத் திருப்பி உள்ளே மடித்துச் சொருகிவிடுவார். "புள்ளைங்க கை கிழியக்கூடாது பாரு" என்பார். அந்தக் குடும்பத்துக்கு வெளியே அப்படிக் கட்டுகிறவர்கள் யாரும் இல்லை. மூன்று பேர் கைக்கும் அது வந்துவிட்டது. தங்கை இன்றைக்கும் துணி காயப்போடுகிற கம்பியை அப்படித்தான் கட்டுகிறாள்.

பூங்கா வீண் என்று யாரும் சொல்லவில்லை. மான்கள் திரும்பி வந்தன. கரடிகள் குட்டி போட்டன. வற்றிக் கிடந்த ஓடையில் தண்ணீர் நின்றது. அதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கம்பிமூக்கருக்கு அந்தக் காட்டின் மேல் உயிர். தாத்தா விரட்டிக் கொன்றதற்கு நாம் காவல் நின்று கழிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். வெளியில் சொன்னால் தங்கை மாப்பிள்ளை சிரிப்பான் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் காலை, மிருகங்கள் மண்ணை நக்க வருகிற உப்புத் திட்டுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். அடிமரத்தில் கம்பி. இரண்டு சுற்று முன்னால், ஒன்று பின்னால், முனை உள்ளே மடிந்திருந்தது.

இந்த மாதிரி சமயத்தில் செய்ய வேண்டியது இன்னது என்று விதி இருக்கிறது. ஒரு கம்பியைக் கண்டால் தொடக்கூடாது. விசில் அடிக்க வேண்டும். கண்ணி வைக்கிறவன் எவனும் ஒன்றோடு நிறுத்த மாட்டான் என்பதால், எல்லாக் காவலர்களும் வந்து கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, காட்டைச் சீப்பு வைத்து வாருகிற மாதிரி வாரி எடுக்க வேண்டும். விசில் அவர் கழுத்தில்தான் தொங்கியது. மாப்பிள்ளை பின்னால் ஓடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். இவர் விசிலைத் தொடவில்லை. கம்பியைப் பிரித்து எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன மச்சான், மூக்குக்கு ஏதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. வா, போகலாம்."

சாயங்காலம் நேரே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். வாசலில் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி நிறைமாதம், உள்ளே படுத்திருந்தாள். அண்ணன் கம்பியை எடுத்து அவன் காலடியில் போட்டார்.

"உன் கைதானேடா?"

தம்பி மறுக்கவில்லை. "முயலுக்குத்தாண்ணே வச்சேன்."

"முயலுக்கு இவ்வளவு தடிமன் கம்பியா? யார் காதுல பூ சுத்துறே?"

"மெதுவாப் பேசுண்ணே, அவ முழிச்சிடுவா." தம்பி கையைத் துடைத்துக்கொண்டான். "மாடு மேய்க்கக்கூடாதுன்னாங்க, வித்துட்டேன். விறகு எடுக்கக்கூடாதுன்னாங்க, விட்டுட்டேன். நீயும் மாமாவும் காவல் வேலைக்குப் போயிட்டீங்க. நானும் வந்து நின்னேன், உயரம் பத்தலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்த சைக்கிள் கடையில என்னண்ணே கிடைக்கும்? மூணு உயிரு ஆகப்போகுது இந்த வீட்ல."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அதுக்காக? மாட்டினா எத்தனை வருஷம்னு தெரியுமா? மாப்ளைக்குத் தெரிஞ்சா பொண்டாட்டி தம்பின்னெல்லாம் பார்க்க மாட்டான், சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவான். எல்லாத்தையும் பிடுங்கிடு. ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

"சரிண்ணே."

அவன் சரி என்றால் சரிதான். சின்ன வயதில் அப்பா அடிப்பாரென்று வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி ஒளிந்துகொள்வான். அம்மா கூப்பிட்டால் வரமாட்டான், தங்கை கூப்பிட்டால் வரமாட்டான். அண்ணன் குரல் கேட்டால் மட்டும் புதரிலிருந்து எழுந்து வருவான்.

சொன்னபடியே பிடுங்கினான். மூட்டையைக் கொண்டுவந்து அண்ணனிடம் காட்டினான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாண்ணே. நீ எடுத்ததைத் தவிர எல்லாம் இருக்கு."

அங்கேதான் குடி முழுகியது. ஓடை வளைவில் அவன் ஒன்று வைத்திருந்தான். போய்ப் பார்த்தபோது புதர் மண்டிக் கிடந்தது, கம்பி கண்ணில் படவில்லை. சரி, அண்ணன் எடுத்தது இதுதான் போலிருக்கிறது என்று திரும்பிவிட்டான். உப்புத் திட்டில் வைத்தது அவனுக்கு மறந்தே போயிருந்தது. எந்த இடத்தில் எடுத்தாய் என்று அவன் கேட்கவில்லை, இந்த இடத்தில் எடுத்தேன் என்று இவரும் சொல்லவில்லை. கேட்க வெட்கம் அவனுக்கு, சொல்ல வெட்கம் இவருக்கு. திருட்டுப் பேச்சில் வாய்விட்டுப் பேச முடிகிறதா என்ன? மூட்டையைப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைதான் முதலில் தூக்கினான். "மூக்கைப் பாரு, மச்சான் மூக்கு!" என்று வீடே சிரித்தது. கம்பிமூக்கரும் சிரித்தார். இனி ஒன்றுமில்லை என்று அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் மாப்பிள்ளை முன்னால் போனான். இவருக்கு முழங்கால் வலி, கொஞ்சம் பின்தங்கியிருந்தார். ஓடை வளைவில் விசில் சத்தம் பாதியில் நின்றது. அப்புறம் கேட்டது கரடியின் சத்தம்.

கரடியின் முன்காலில் கம்பி இறுகி எலும்பு தெரிந்தது. எவ்வளவு நேரம் இழுத்து இழுத்துப் பைத்தியம் பிடித்துக் கிடந்ததோ. ஆளைப் பார்த்ததும் பாய்ந்த வேகத்தில் கம்பி அறுந்திருக்கிறது. இவர் வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகு அது மாப்பிள்ளையை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனது. மாப்பிள்ளைக்குப் பாதி முகம் இல்லை. ஜீப்பில் இவர் மடியில் கிடந்தபோது ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆபீஸ் அறையில் தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். மரத்தோடு தங்கிப்போன மிச்சக் கம்பியை, அடிமரத்துப் பட்டையோடு சேர்த்து வெட்டிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். ரேஞ்சர் மேலதிகாரியோடு போன் பேச வராந்தாவுக்குப் போனார். அண்ணனும் தங்கையும் மட்டும்தான் இருந்தார்கள். அவள் மேஜையைப் பார்த்தாள். எழுந்து கிட்டே போனாள். முறுக்கின் மேல் விரலை ஓட்டி, உள்ளே மடிந்திருந்த முனையில் நிறுத்தினாள்.

"சின்னவன்தானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டான்னுதான் நினைச்சேம்மா…"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் அவரை அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நகத்தைக் கொடுத்து முனையை நெம்பினாள். விரலில் ரத்தம் வந்தது. விடாமல் முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை நீட்டி நேராக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரேஞ்சர் உள்ளே வந்தார். "ஐயய்யோ, யார் இதைப் பிரிச்சது?"

"நான்தான். என் புருஷனைக் கொன்னது இதுதானேன்னு தொட்டுப் பார்த்தேன். தப்பா?"

அந்த முகத்தைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்? ரேஞ்சர் இவரிடம் திரும்பினார். "மூக்கரே, பிரிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க பார்த்திருப்பீங்களே. யார் கை?"

"தெரியலைங்க."

அத்தனை வருஷ வேலையில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. தங்கை சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"துக்கத்துல இருக்கீங்க, விடுங்க," என்றார் ரேஞ்சர். "நானே சொல்றேன். கல்லுடைக்கிறவன்தான். உங்க ரெண்டு பேர் மேலயும் வன்மம் வச்சிருக்கிறவன் வேற யாரு? ஆளு அனுப்பியாச்சு. இந்தத் தடவை அவன் வெளியே வரவே மாட்டான்."

டீக்கடைக் கும்பிடு கம்பிமூக்கரின் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தம்பி பிழைப்பான், அந்தக் கைக்குழந்தைக்கு அப்பன் இருப்பான், தங்கையும் அதைத்தானே கேட்கிறாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முடியவில்லை.

"அவரு இல்லீங்க."

"இப்பத்தானே தெரியலைன்னீங்க?"

கம்பிமூக்கர் மேஜையிலிருந்து கம்பியை எடுத்தார். தரையில் உட்கார்ந்து மேஜைக் காலில் சுற்றினார். இரண்டு சுற்று முன்னால், ஒன்று பின்னால். முறுக்கு பிசகவில்லை. முனையைத் திருப்பி உள்ளே மடித்துச் சொருகினார்.

"இது எங்க அப்பா முறுக்குங்க. கட்டினது என் தம்பி. முன்னாடியே ஒண்ணைப் பார்த்தும் விசில் அடிக்காம மறைச்சவன் நான்."

ரேஞ்சர் வாசல் பக்கம் திரும்பி ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

"ஜீப் வேணாங்க," என்றாள் தங்கை. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. ரத்தம் வந்த விரலைப் புடவையில் சுற்றிக்கொண்டே பேசினாள். "சத்தம் கேட்டா அவன் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குவான். நீயே போ அண்ணே. நீ கூப்பிட்டா வருவான்."