சீசனிங் என்றால் எந்த சீசன்?

கஸ்டமர் கேரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: தப்பு யாருடையதாக இருந்தாலும் மன்னிப்பு நம்முடையது. மைசூரு ஹெப்பாளில் ஒரு நூடுல்ஸ் கம்பெனிக்கு வரும் தமிழ் அழைப்புகள் என் தலையில். நூடுல்ஸோடு வைக்கும் குட்டி மசாலாப் பொட்டலத்தில் ‘சீசனிங்’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு! கடைசியில் மேனேஜர் ரேகா மேடமே சொல்லிவிட்டார்: தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொருந்துகிற மாதிரி வேறு வார்த்தை கொண்டுவந்தால், என்னை லேபிள் எழுதும் வேலைக்கு மாற்றிவிடுவாராம். போனே இல்லாத மேஜை! ஹெட்போனோடு காலம் தள்ளுகிற என் இனமே, அந்த ஆசை உங்களுக்குப் புரியும்.

மொட்டைமாடியில் மசாலா

கொள்ளேகாலத்து ஆசாரி ஒருவர் கூப்பிட்டார். மர வேலையில் சீசனிங் என்றால் பலகையைக் காய வைத்துப் பதப்படுத்துவது. அதனால் பொட்டலத்தைப் பிரித்து, தட்டில் கொட்டி, மொட்டைமாடியில் வைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவரே சொன்னார்: “பலகைன்னா காத்துல பறக்காதுங்க. உங்க மசாலா பறந்துருச்சுங்க. வேற ஒண்ணு அனுப்பறீங்களா?”

தும்மும் தோசைக்கல்

அடுத்தவர் புதுசாக இரும்பு தோசைக்கல் வாங்கிய ஒரு அம்மா. கல்லைப் பழக்குவதைத்தான் வீடியோவில் ‘சீசனிங் பண்ணுங்க’ என்றிருக்கிறார்கள். நம் பொட்டலத்திலும் அதே வார்த்தை! மசாலாவை எண்ணெயில் குழைத்துக் கல்லில் தேய்த்து, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டிருக்கிறார். பின்னால் ஒரே தும்மல் சத்தம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, மியூட் பட்டன் காப்பாற்றியது. “கல்லு இன்னும் பதத்துக்கு வரலை மேடம். எங்க வீட்டுக்காரர்தான் வெளியில போயிட்டாரு, வர மாட்டேங்கறாரு!”

தேடியதும் கிடைத்ததும்

அன்று சாப்பாட்டு நேரத்தில் அகராதியைப் புரட்டினேன். அடடா! ‘சீசன்’ லத்தீனில் விதைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். விதைக்கும் காலம் என்று தொடங்கி, பருவம் ஆகி, பழுப்பது ஆகி, பழுத்தால்தானே ருசி என்று சமையலறைக்குள் நுழைந்திருக்கிறது. விதைக்க மண்ணுக்கு என்ன வேண்டும்? பதம்! ஆசாரி பலகைக்குச் சொன்னதும் அதுதான், அந்த அம்மா கல்லுக்குச் சொன்னதும் அதுதான், பாகுக்கு நாம் பார்ப்பதும் அதுதான். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

“மேடம், பதப்பொடி!” என்று மூச்சு வாங்கினேன். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பதம் ஹத; நம் ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகும், அர்த்தம் அதேதான். கன்னடத்தில் ‘பத’ என்றால் சொல், தமிழிலும் அந்த அர்த்தம் உண்டு. மேடம் ஒரு நிமிடம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்: “நாம ஒரு பத தேடினோம், ஹத சிக்கிடுச்சு! போ மா, ஹெட்போனைக் கழட்டு!”

புதுப் பாக்கெட் கடைக்கு வந்ததுமே, என் பழைய நாற்காலிக்கு வந்த முதல் அழைப்பு “பதப்பொடியா? அப்போ தோசைக்கல்லு இதுல கட்டாயம் பதமாயிடுமில்ல?” என்பதுதானாம். வார்த்தையை மாற்றிப் போனிலிருந்து நான் தப்பித்தேனே ஒழிய, தோசைக்கல் தப்பிக்கவில்லை.