எந்தக் கால் முதலில்?

போன ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிப்போனதற்கு முழுக் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால் – என் இடது கால்.

மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் மகள் புது வீடு வாங்கியிருக்கிறாள். கிரகப்பிரவேசம். குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு முதலில் உள்ளே போகும் பெருமை எனக்கு. மாப்பிள்ளை தன் போனில் கெட்டிமேளம் போட்டார். தவிலில் முதல் அடி விழுந்ததும் நானும் அடி எடுத்து வைத்தேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள்.

"சம்பந்தி... இடது கால்!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

திரும்ப வெளியே வந்து, வலது காலை வைத்து மறுபடி உள்ளே போனேன். பால் பொங்கியது. வடை மொறுமொறுவென்று இருந்தது. ஆனாலும் சம்பந்தியம்மா சாயங்காலம் வரை என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளச் சத்தம் கேட்டால் என் இடது கால் தானாகக் கிளம்பிவிடும். என்னைக் கேட்காது. ஏன் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, மொன்றியலில் நான் ஒரு டிரம் கோரில் இருந்தேன். ஸ்கூல் பேண்டு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். முரசுகள், பியூகிள் என்ற பித்தளைக் குழல்கள், கொடிகள்... இவற்றுடன் எழுபது எண்பது இளசுகள் ஒரு கால்பந்து மைதானத்தில் அடித்துக்கொண்டும் ஊதிக்கொண்டும் நடந்து நடந்தே கோலம் போடுவோம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். ஒரு புள்ளி நகர்ந்தாலும் கோலம் கெட்டுவிடும்.

எல்லாமே போட்டி. நடுவர்கள் மேடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கையில் அட்டையும் பென்சிலுமாக எங்களுக்கு நடுவிலேயே புகுந்து நடப்பார்கள். தப்பைப் பார்த்தால் ஒரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு போச்சு. நம் வாத்தியார்கள் சரியென்றால் போடுவது டிக். இவர்கள் தப்பென்றால் போட்டார்கள்!

எனக்குக் கிடைத்தது சிம்பல். நம் பாஷையில் பெரிய சைஸ் ஜால்ரா. சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. என் அப்பா இன்ஜினியர். அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து, "பொண்ணு என்ன கத்துக்கறா? வீணையா?" என்று கேட்டால், "ஜால்ரா" என்று சொல்லிவிட்டு, காபி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவார்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது நாங்கள் குடியிருந்த ரொக்ஸ்பரோ பகுதியில் பக்கத்து வீட்டு லீஸ். அவளும் சிம்பல்தான். எங்கள் வகுப்பில் எண்ணெய் வைத்துப் பின்னிய சடை என்னுடையது ஒன்றுதான். எல்லோரும் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் யூனிஃபார்மின் உயரத் தொப்பிக்குள் சடையைச் சுருட்டி வைத்து, தாடைக்குக் கீழே வாரை இறுக்கிவிட்டால்... நான் எந்த ஊர், என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. கால் சரியாக விழுகிறதா? அது ஒன்றுதான் கேள்வி. அதனாலேயே அந்தக் குழு எனக்கு உயிர்.

எங்கள் பயிற்சியாளர் மார்செல். வாரமெல்லாம் துறைமுகத்தில் கப்பல் சரக்குகளை ஏற்றி இறக்குபவர். சனி, ஞாயிறு எங்களை ஏற்றி இறக்குவார். சர்ச் வாசலில் இருந்த பார்க்கிங்கில் வெயிலில் நின்றுகொண்டு, "கோஷ்! கோஷ்!" என்று கத்துவார். பிரெஞ்சில் இடது. பெரிய முரசின் முதல் அடியும் இடது காலும் ஒன்றாகத் தரையில் விழ வேண்டும். டிரம் கோரில் எந்த நடையும் இடது காலில்தான் தொடங்கும். மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

எங்கள் வீட்டிலும் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அது வேறு கால். பரீட்சைக்குப் போனாலும் சரி, பல் டாக்டரிடம் போனாலும் சரி, அம்மா வாசலில் நின்று, "வலது காலை எடுத்து வைச்சுப் போ" என்பார்.

ஆக, வாசலில் வலது, மைதானத்தில் இடது. இரண்டு வருடம் இரண்டுக்கும் சண்டையே வரவில்லை. எப்படி வரும்? அம்மாதான் மைதானத்துக்கு வந்ததே இல்லையே!

அந்த ஜூலை மாதம் வந்தார்.

முக்கியமான போட்டி. முதல் மூன்று இடம் பிடிக்கும் குழுக்கள் ஒன்டாரியோவில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். எங்கள் குழு அதுவரை போனதில்லை. தொடக்கக் கோட்டில் வெள்ளைக் கையுறையும் வெள்ளை ஷூவுமாக நிற்கிறோம். மூக்கு அரித்தாலும் கை தூக்கக் கூடாது. மைதானமே நிசப்தம். இன்னும் ஒரு விநாடியில் முரசில் அடி விழும்...

"வசந்தி! வலது காலை எடுத்து வைம்மா!"

முன்வரிசையிலிருந்து அம்மா. நல்ல காரியத்துக்குப் போகும் மகளுக்குச் சொல்லாமல் விடலாமா? அந்தக் கூட்டத்தில் அது புரிந்தது மூன்றே பேருக்கு. சொன்ன அம்மாவுக்கு, தலையில் கை வைத்துக்கொண்ட அப்பாவுக்கு, எனக்கு. இல்லை... நான்காவதாக என் வலது காலுக்கும் புரிந்துவிட்டது.

முரசில் அடி விழுந்தது. வலது கால் போயே போய்விட்டது! மூன்றாவது எட்டில் ஒரு குதி குதித்துச் சரிசெய்துவிட்டேன். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற நடுவரின் பென்சில் அசைந்ததைக் கண்ணோரத்தில் பார்த்தேன்.

நான்காவது இடம். மூன்றாவது குழுவைவிட ஒரே ஒரு டிக் அதிகம்.

அடுத்த பயிற்சியில் மார்செல் நடுவர்களின் தாளை வாசித்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தப்பாக அவர் படிக்கப் படிக்க, செய்தவர் தானே கை தூக்கி "முவா" என்று சொல்ல வேண்டும். நான்தான் என்று அர்த்தம். பிறகு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கை மூன்று சுற்று ஓட வேண்டும். அதோடு சரி. அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"சிம்பல். தொடக்கத்தில் கால் தப்பு."

நாங்கள் மூன்று பேர். எந்த சிம்பல் என்று நடுவர் எழுதவில்லை. என் கை மேலே எழவில்லை. ஒன்டாரியோ கனவைக் கெடுத்தவள் என்று தெரிந்தால் என்னை வைத்துக்கொள்வார்களா? அந்தத் தொப்பி எனக்கு மறுபடி கிடைக்குமா?

"முவா" என்றாள் லீஸ்.

பாவி, தன் கால்தான் தப்பிவிட்டது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். சிம்பலைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று ஓடினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன்.

"நான் கத்தினதாலயாடி?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு எதுக்கு ஓடினா?"

"அவ தப்புன்னு நினைச்சுக்கிட்டா."

"நீ?"

"பேசாம நின்னுட்டேன்."

அம்மா அடுப்பை அணைத்தார். "உங்க மார்செல் எப்ப வருவாரு?"

சனிக்கிழமை காலை, பட்டுப்புடவையும் கான்வாஸ் ஷூவுமாக என்னுடன் கிளம்பினார். "நான்தான்னு அவங்க பாஷையில எப்படிடி சொல்லணும்?" என்று கேட்டுக்கொண்டார். வழியெல்லாம் "முவா, முவா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சர்ச் வாசலில் வரிசையில் நின்றோம். அம்மா நேரே முன்னால் போய், கையை உயரத் தூக்கினார்.

"முவா!"

மார்செல் விழித்தார். அம்மா இங்கிலீஷுக்கு மாறினார். "ஐ ஷவுட். ஷீ லிசன். மிஸ்டேக் மைன்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வைதான், வேறொன்றும் இல்லை.

நானும் கை தூக்கினேன். "முவா."

லீஸ் பக்கம் திரும்ப முடியவில்லை. மார்செல், "மதாம், நீங்கள் ஓட வேண்டாம்..." என்று தொடங்குவதற்குள் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். வலது காலை எடுத்து வைத்துத்தான்! நான் சிம்பலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இரண்டாவது சுற்றில் பக்கத்தில் மூச்சிரைக்கும் சத்தம். லீஸ். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "உன் அம்மா ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது சுற்றில் மார்செல் பெரிய முரசை மாட்டிக்கொண்டு எங்களுக்காக அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவின் கால் மட்டும் கடைசி வரை தாளத்தில் விழவில்லை.

என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. மூன்று சுற்று முடிந்தது, தப்பும் முடிந்தது. மனிதர்கள் இதைவிட நல்ல சட்டம் எழுதி நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அதே போட்டி. யூனிஃபார்மில் வாசலுக்கு வந்து, வழக்கம்போல வலது காலைத் தூக்கினேன்.

"இருடி" என்றார் அம்மா.

தொப்பியைக் கழற்றச் சொல்லி நெற்றியில் விபூதி பூசினார். ஒரு நிமிடம் யோசித்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"இன்னைக்கு இடது காலை எடுத்து வைச்சுப் போம்மா. நல்லபடியா நடக்கும்."

நடந்ததா? ஐந்தாவது இடம். ஆனால் அது பியூகிள்காரர்கள் கைங்கரியம். காலைக் குறை சொல்ல வழியே இல்லை!

ஆகவே சம்பந்தியம்மா, புது வீட்டுக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட வேண்டாம். அன்று முதலில் உள்ளே போனது, என் அம்மா விபூதி பூசி, வாழ்த்தி அனுப்பிய கால்.