யோசிக்கலாம், அம்மணி

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். பேசுவது, கேட்பது, எழுதுவது, படிப்பது என்று நான்கு பகுதிகள். முதல் மூன்றைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறவள் நான். டாக்டர்கள் நடந்துகொண்டே உதிர்த்துவிட்டுப் போகும் அரைகுறை வாக்கியங்களைக் காதில் வாங்கி, முழுசாக எழுதிவைத்துப் பழகியவள். என்னைக் கவிழ்த்தது ரீடிங். முதல் தடவை எழுதியபோது மற்ற மூன்றிலும் தேறி, அதில் மட்டும் அரைப் புள்ளியில் போயிற்று.

படிக்கத் தெரியாமல் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நிறுத்தாமல் வாசிப்பேன். இங்கே சிக்கல் வேறு. ஒரு கட்டுரை கொடுத்து, அதன் கீழே சில வாக்கியங்கள் போட்டிருப்பார்கள். கட்டுரை அதையே சொன்னால் ட்ரூ. அதற்கு மாறாகச் சொன்னால் ஃபால்ஸ். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நாட் கிவன். இந்த மூன்றாவதுதான் எனக்கு வந்து வாய்த்த சனியன். கட்டுரை சொல்லாவிட்டால் என்ன, எனக்குத்தான் தெரியுமே!

ஒருமுறை தென்னையைப் பற்றிய கட்டுரை வந்தது. தேங்காய் நார் எந்தெந்த நாட்டுக்குக் கப்பலேறியது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கீழே, 'தென்னைக்கு நிறையத் தண்ணீர் தேவை' என்று ஒரு வாக்கியம். யோசிக்காமல் ட்ரூ போட்டேன். தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்குள் வாழ்க்கைப்பட்டு, கோடையில் மோட்டார் ரிப்பேரான நாட்களில் வீட்டு ஆண்களின் முகம் போகிற போக்கைப் பார்த்தவள் வேறு என்ன போடுவாள்? விடைத்தாளில் நாட் கிவன் என்று இருந்தது. கட்டுரையில் தண்ணீர் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம். எனக்கு அந்தப் புத்தகத்தைத் தூக்கித் தோப்புக் கிணற்றில் போடலாம் என்று வந்தது.

போடவில்லை. இரண்டாவது தடவை எழுதப் பணம் கட்டியாயிற்று. அதைவிட முக்கியம், வீட்டில் ஒரு விஷயம் முடிவாகாமல் கிடந்தது.

எனக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. நான் முதலில் தனியாகப் போய், வேலையில் நிலைத்து, வீடு பிடித்து, பிறகு அவளையும் கணவரையும் அழைத்துக்கொள்வது என்று திட்டம். ஒரு வருடம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வருடம் பிள்ளையை யார் பார்ப்பது? என் மாமியார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. கணவருக்குத் தோப்பு, காய்கறிக் காடு, மலையிலிருந்து யானை இறங்கும் மாதங்களில் ராத்திரிக் காவல் வேறு. மிச்சம் இருந்தது மாமனார். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ. ஆனா புள்ளைய அப்பாதான் பாத்துக்கோணும். அவருகிட்டயே கேட்டுரு" என்று கணவர் சாமர்த்தியமாகக் கழன்றுகொண்டார்.

கேட்டேன். மாமனார் களத்தில் குத்தவைத்து, உரித்த தேங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. பிறகு, "ஆகட்டும் அம்மணி, யோசிக்கலாம்" என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?" என்றும் கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. முடியாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்கவில்லை என்றால், "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்று இன்னொரு டம்ளர் காபி கொடுப்பார்கள். வந்தவர்களும் அதைக் குடித்துவிட்டு, "நல்லதுங்க, வாரோமுங்க" என்று சிரித்த முகத்தோடு காரில் ஏறுவார்கள். அதற்குப் பிறகு போன் போட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மரியாதைக் குறைவு. எதிராளி பொத்தி வைத்திருக்கிற சொல்லை வாயில் கைவிட்டுப் பிடுங்குகிற காரியம். நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். ஆகவே நானும் மறுபடி கேட்கவில்லை. கணவரிடம் சொன்னபோது, "அப்பா யோசிக்கலாம்னுட்டாரா?" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் படிப்பை விடவில்லை. வீம்புதான். மார்னிங் டூட்டி முடிந்த நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே காந்திபுரம் போவேன். அங்கே ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கோச்சிங் வகுப்பு. இரண்டாவது கட்டுரைக்கு வரும்போது கீழே தேங்காய் பன் வேகும் வாசனை படியேறி வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பத்தியும் மண்டையில் ஏறாது. ஈவ்னிங் டூட்டி நாட்களில் காலையில் வீட்டிலேயே உட்கார்ந்து போனில் கடிகாரத்தை ஓடவிட்டுப் படிப்பேன்.

அந்தக் காலைகளில்தான் மாமனார் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். நான் வீட்டில் இருக்கும்போதே, சீப்பை எடுத்துக்கொண்டு பேத்தியை முன்னால் உட்காரவைத்துச் சடை பின்னுவார். நான் எழுந்து வந்தால், "நீ படி அம்மணி" என்பார். எனக்குச் சுருக்கென்று தைக்கும். நீ படித்துக் கிழி, உன் வேலையை நான் பார்க்கிறேன் என்று சொல்கிறாராக்கும். சடை என்றால் அது ஒரு சடையா? ஒன்று காதுக்கு மேலே, ஒன்று தோளுக்குக் கீழே. தோப்பு முனையில் ஸ்கூல் வேன் வரும் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போய், அவர் கண்ணில் படாத இடத்தில் நிறுத்தி, இரண்டையும் அவிழ்த்து வெடுக்கு வெடுக்கென்று இறுக்கிப் பின்னிவிடுவேன். பிள்ளை வலியில் 'ஸ்ஸ்' என்பாள். அந்த இறுக்கம் அவளுக்கானதில்லை.

இன்னொரு நாள், "புள்ளைக்குக் காச்சல் வந்தா எந்த மருந்து அம்மணி, எத்தன மூடி குடுக்கறது?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே கொதித்தது. காய்ச்சல் வரும், அப்போது தாய் பக்கத்தில் இருக்க மாட்டாள் என்று எனக்கு நினைவூட்டுகிறார். பிறகு டிபன் பாக்ஸுக்கு அவரே ரவை கிண்டினார். பிள்ளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்: நீ செய்யாததால் என் பேத்தி பட்டினி என்று காட்டுகிறார். ஒவ்வொன்றையும் இப்படிப் பொருள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ட்ரூ போட்டுக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது வகுப்பில் அந்த வேலிக் கட்டுரை வந்தது. எங்கோ ஒரு வெளிநாட்டு மலையூர். மான்கள் வந்து பயிரை மேய்கின்றன. விவசாயிகள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் வேலி கேட்கிறார்கள். அலுவலகத்தார் வந்ததற்கு நன்றி சொல்லி, கோரிக்கையை யோசிக்கிறோம் என்று அனுப்பிவைக்கிறார்கள். கீழே வாக்கியம்: 'அலுவலகம் விவசாயிகளின் கோரிக்கையை மறுத்துவிட்டது.' நான் ட்ரூ. எனக்குப் பக்கத்தில் உட்காரும், கொடுமுடியிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் நர்ஸும் ட்ரூ. சுற்றி எல்லோரும் ட்ரூ. சென்னைக்கார இளைஞன் ஒருவன் மட்டும் நாட் கிவன் போட்டிருந்தான்.

வகுப்பு எடுத்த பெண் என்னைவிட வயதில் சிறியவள். கேள்வித்தாளோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, வேலி கெடையாதுன்னு எந்த வரியில இருக்குதுங்க?"

"யோசிக்கறோம்னுட்டாங்கல்லங்க. நன்றி வேற சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. அப்பறம் எங்க வேலி?" என்றேன்.

"ஒருக்காலும் போட மாட்டாங்க. நெம்ப மரியாதயாச் சொல்லியிருக்கறாங்க பாருங்க" என்றாள் கொடுமுடிக்காரி.

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். "எங்கூட்டுலயும் அப்புடித்தாங்க்கா. ஆனா கேள்வி எழுதுனவங்க நம்மூர்க்காரங்க இல்லீங்களே. யோசிக்கறோம்னு சொன்னாங்க, அத்தோட சரி. அதுக்கு மேல தெரியோணும்னா அந்த வெவசாயிங்க திரும்பப் போயிக் கேக்கோணும்."

அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை.

தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாமனார் சொன்னதை ஒரு கட்டுரையைப் படிப்பது போல முதலிலிருந்து படித்தேன். யோசிக்கலாம் என்றார். குழம்பு என்ன என்று கேட்டார். சடை பின்னினார், காய்ச்சலுக்கு மருந்து கேட்டார், ரவை கிண்டினார். வேண்டாம் என்று எந்த வரியிலும் இல்லை. சரி என்றும் இல்லை. மற்றதெல்லாம் நானாக எழுதிக்கொண்டது. தெளிந்தபோது நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. கேட்காமல் இருக்கும் வரை அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டு வீரமாகப் படிக்கலாம். கேட்டு, அவர் உண்மையிலேயே வேண்டாம் என்றுவிட்டால்? பிள்ளையை வேறு யாரிடமும் விட்டுப் போக எனக்கு மனம் வராது. தேர்வில் தேறினாலும் எல்லாம் அன்றோடு முடிந்தது.

மறுநாள் எனக்கு ஈவ்னிங் டூட்டி. காலையில் மாமனார் வழக்கம் போலப் பேத்தியை உட்காரவைத்து, ரிப்பனைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் போய் எதிரில் நின்றேன்.

"மாமா, அன்னிக்கு யோசிக்கலாம்னு சொன்னீங்க. யோசிச்சீங்களாங்க?"

சீப்பு பாதியில் நின்றது. அந்த வீட்டில் அப்படி இரண்டாவது தடவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் காது சூடாகிவிட்டது. பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் அவள் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார்.

"யோசிச்சுட்டேதான் இருக்கறேன் அம்மணி" என்றார். "வேனுக்குக் கூட்டீட்டுப் போயிருவேன். காச்சலுக்கு மருந்து கேட்டு வெச்சுட்டேன். ரவை கட்டி தட்டிப்போச்சு, அது செய்யச் செய்ய வந்துரும். இந்தச் சடைதான் வரவே மாட்டீங்குது. பொம்பளப்புள்ளய இப்புடி அனுப்பறதான்னுதான் பாத்துட்டிருக்கறேன்."

நாலு மாதமாகத் தண்ணீர் விட்டு வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. வேன் முனையில் நான் அவிழ்த்த ஒவ்வொரு சடையும் நினைவுக்கு வந்தது.

அவர் முடிக்கவில்லை. "நானும் ஒண்ணு கேக்கறேன். ஒரு வருசத்துல புள்ளையக் கூட்டிக்குவேன்னு சொன்னியே, ஒரு வருசத்துல ஆயிருமா?"

ஆயிருமுங்க மாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது வேண்டாமென்றால் நானிருக்கிறேன் என்று, பாத்துக்கலாமுங்க என்பதும் பின்னாலேயே வந்து நின்றது. எனக்கு முன்னால் போன தோழிகளின் கதை எனக்குத் தெரியும். ஒருத்தி வருடம் திரும்புமுன் பிள்ளையை அழைத்துக்கொண்டாள். இன்னொருத்தி இன்னும் வீடியோ காலில்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள்.

"தெரியலீங்க மாமா" என்றேன். "ஆகலாம். ஆகாமயும் போகலாம். யாரும் உறுதியாச் சொல்ல மாட்டீங்கறாங்க."

பிள்ளையை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அவர் மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னினார். கடைசி முடிச்சுக்கு ரிப்பனைச் சுற்றிக் கட்டினார். கட்டிய கையோடு அது நழுவியது. மறுபடி கட்டினார்.

"செரி, போயி எழுது" என்றார். "ஒரு வருசம்னு நீ அடிச்சுச் சொல்லியிருந்தீன்னா நம்பியிருக்க மாட்டேன், வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

நான் அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில், அவர் வாயால் 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டது அன்றுதான்.

தேர்வில் கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது பெரிய வசதியாகப் போயிற்று. சொல்லாத இடங்களில் பேனாவைக் கடிக்காமல் நாட் கிவன் போட்டுவிட்டு நகர்ந்தேன். தேறிவிட்டேன். காகிதங்களெல்லாம் நகர்ந்து, கையெழுத்தாகி, அடுத்த மாதம் கிளம்புகிறேன்.

மாமனாருக்கு ரவை இப்போது உதிரியாக வருகிறது. சடை இன்னும் வரவில்லை. கற்றுத்தரட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "ஆகட்டும் அம்மணி, யோசிக்கலாம்" என்றார். அதற்கு அர்த்தம் எங்கள் ஊர் அர்த்தமேதான், நான் தோண்டவில்லை.

நேற்றுக் காலை வேன் முனையில் மகள் பழக்கத்தில் தானாகவே எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. என் இரண்டு கையும் எழுந்துவிட்டன.

"வேண்டாம் கண்ணு, அப்பாரு கட்டுனது இருக்கட்டும்" என்றேன். அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கோணலா இருக்குதும்மா."

"ஆமா, கோணலாத்தான் இருக்குது."

அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேனில் ஏறினாள். வேன் திரும்பி மறையும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.